ஊர் போனவர்களின் கால்வாய்

செல்லத்தாய் ராஜபாளையம் போய்விட்டு வந்தபோது ஒரு பூட்டு வாங்கி வந்திருந்தாள். நல்ல கனமான பித்தளைப் பூட்டு. அதை வீட்டுக்காரர் சேதுபதி சாப்பிட உட்காரும் இடத்துக்கு நேர் எதிரே ஆணியில் மாட்டிவைத்தாள்.

"இது எதுக்குட்டி?" என்று கேட்டார் சேதுபதி.

"பூட்டு எதுக்கு? பல்லு வெளக்கவா? வீட்டைப் பூட்டத்தான்."

வேறு விளக்கம் தேவைப்படவில்லை. நாலு வருஷமாகக் கண்மாய் பெருகவில்லை. கண்மாயின் கடைசி மடைக்குக் கீழே கிடக்கும் வயல்தான் இவர்களுக்கு இருந்த ஒரே சொத்து. ஒரே மகளைச் சாத்தூரில் கட்டிக்கொடுத்தாயிற்று. செல்லத்தாயின் தம்பி வீரணன் ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்கிற கம்பெனியில் இருந்தான். அங்கேயே அத்தானுக்கு வாட்ச்மேன் வேலை பேசி வைத்துவிட்டான். பட்டாளத்தில் இருந்து ரிட்டையர் ஆனவர் என்றால் முதலாளிமாருக்கு அப்படி ஒரு நம்பிக்கை.

"கார்த்திகைக்குள்ள கம்மா பெருகுச்சுன்னா இருப்போம். பெருகலேன்னா பூட்டு. அம்புட்டுத்தான்" என்று சொல்லிவிட்டாள் செல்லத்தாய்.

இருபது வருஷம் பனியிலும் பாலைவனத்திலும் துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு நின்றபோதெல்லாம் அவர் நினைத்துக்கொண்டிருந்தது அந்த வயலைத்தான். அதை விட்டுவிட்டு ஒரு கம்பெனி கேட்டில் ஸ்டூல் போட்டு உட்காருவதா? யோசிக்கும்போதே சோறு இறங்கவில்லை.

அது தொண்ணூற்றி ஒன்றாம் வருஷம். அந்த ஆடி மாதத்தில்தான் பரிபூரணம் ஊருக்குள் வந்தாள்.

வத்திராயிருப்பு பஸ்ஸில் இருந்து கையில் குடையோடு இறங்கினாள். முப்பது வயசு இருக்கும். நூல் சேலை கட்டி, கீழே பள்ளிக்கூடத்துப் பையன்கள் போடுகிற மாதிரி கேன்வாஸ் ஷூ போட்டிருந்தாள். டீக்கடையில் இருந்தவர்கள் சேலையைப் பார்ப்பதா ஷூவைப் பார்ப்பதா என்று முழித்தார்கள். குடும்பக் கட்டுப்பாட்டு ஆபீஸ் அம்மாதான் வந்துவிட்டது என்று ரெண்டு பேர் மெல்ல நழுவினார்கள்.

அவள் நேராக சேதுபதி வீட்டுக்கு வந்தாள். பட்டாளத்தார் வீடு எது என்று கேட்டு வந்திருக்கிறாள்.

"ஸ்ரீவில்லிபுத்தூர் இரும்புக்கடை தவசிமுத்து மக நான். மதுரைப் பல்கலைக்கழகத்துல ஆராய்ச்சி பண்ணுதேண்ணே. சொந்த ஊரை விட்டு வெளியூரு, வெளிநாடு போறவுகளப் பத்தி. அதோட ஊரு நெலம், தண்ணி எல்லாம் என்ன ஆகுதுன்னு பாக்கணும். நாலஞ்சு தேசத்துல சேர்ந்து பாக்காக. ஆப்பிரிக்காவுல ஒரு ஊரு, மெக்சிகோவுல ஒரு ஊரு. இங்கிட்டு உங்க ஊரு."

செல்லத்தாய் மோர்ச் செம்போடு நின்றவள் கேட்டாள். "அங்கயும் கம்மா வத்திப்போச்சாமா?"

"கம்மா இல்ல மதினி. ஆறே வத்திருச்சு."

"அட பாவமே" என்றாள் செல்லத்தாய், ஏதோ அடுத்த தெருவில் நடந்ததைக் கேட்ட மாதிரி. "அவியளும் மில்லுக்குத்தான் போறாகளா?"

"ஓட்டல்ல தட்டு கழுவப் போறாக. வீடு கட்டுற வேலைக்குப் போறாக. சில பேரு கடல் தாண்டுறாக."

அன்றைக்கே செல்லத்தாய்க்கு அவளைப் பிடித்துப்போயிற்று. சேதுபதிக்குப் பிடிக்கக் கொஞ்ச நாள் ஆனது. ஏனென்றால் அவள் கேட்ட முதல் கேள்விக்கே அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

வில்லிபுத்தூர் தாலுகா ஆபீஸில் மழைக் கணக்கு எடுத்துப் பார்த்தாளாம். நாலு வருஷத்தில் ஒரு வருஷம்தான் மழை ரொம்பக் குறைவாம். மற்ற வருஷமெல்லாம் முன்பு மாதிரியேதான் பெய்திருக்கிறதாம்.

"மழ பெய்யாமலா கம்மா காஞ்சு கெடக்கு? ஏம்மா, ஆபீஸ்ல ஒக்காந்து எழுதுறவன் சொல்லுதத நம்புவியா, காய்ஞ்ச கம்மாய நம்புவியா?"

"ரெண்டையும் நம்புதேண்ணே" என்றாள் பரிபூரணம். "மழையும் பேஞ்சிருக்கு, கம்மாயும் காஞ்சிருக்கு. அப்ப நடுவுல தண்ணி எங்கயோ நின்னுபோயிருக்கணும்லா? மலையில இருந்து தண்ணி வார கால்வாய முழுசா ஒருக்கா நடந்து பாப்பமா?"

சேதுபதி யோசித்தார். முழுசாக நடந்து அவருக்கே பல வருஷம் ஆகிவிட்டது. அவர் மட்டுமில்லை, ஊரில் யாருமே இப்போது நடப்பதில்லை. காரணம் இருக்கிறது.

மலையடிவாரத்து ஓடையில் இருந்து கண்மாய் வரைக்கும் வருகிற அந்தக் கால்வாயை ஊரில் இருக்கும் வீடுகள் எல்லாம் பங்கு போட்டு வைத்திருந்தன. ஒவ்வொரு வீட்டுக்கும் இத்தனை கெஜம் என்று ஒரு துண்டு. அதற்கு முறை என்று பேர். ஐப்பசி மழைக்கு முன்னால் அவனவன் மண்வெட்டியோடு போய் அவனவன் முறையைத் தூர் எடுத்து, செடிகொடியை வெட்டிவிட்டு வரவேண்டும். தாத்தா காலத்தில் இருந்து இதுதான் வழக்கம். சேதுபதியும் வருஷம் தவறாமல் தன் முறையைச் சுத்தமாக வெட்டிவிட்டுத்தான் வந்தார். வெட்டினதும் வீட்டுக்கு வந்துவிடுவார். அடுத்தவன் முறையில் அவருக்கு என்ன வேலை?

மறுநாள் காலையில் ரெண்டு பேரும் கிளம்பினார்கள். பரிபூரணம் ஷூவோடு முன்னால் போனாள். சேதுபதி கையில் அரிவாளோடு பின்னால் போனார்.

கண்மாய்க் கரையில் இருந்து கொஞ்ச தூரம் வரைக்கும் கால்வாய் கண்ணாடி மாதிரி இருந்தது. அப்புறம் திடீரென்று சீமைக்கருவேலம் அடர்ந்து ஒரு புதர். முள்ளுக்குள் குனிந்து, சேலை கிழிய, அந்தப் பக்கம் போனால் மறுபடியும் சுத்தமான கால்வாய். வீட்டு வாசலைப் பெருக்கின மாதிரி. அப்புறம் மறுபடி புதர். மண் மேடிட்டு, கால்வாய் இருந்த தடமே தெரியவில்லை.

"இந்தப் புதர் யாரு முறைண்ணே?"

"சுப்புராஜ் வீட்டு முறை. அவிய ராஜபாளையத்துல நூல் கடை வச்சிருக்காக."

அடுத்தது சுத்தமாக இருந்தது. "இது?"

"மலைச்சாமி. ஊர்லதான் இருக்கான்."

"அடுத்த புதர்?"

"மொக்கைச்சாமி. மில்லுல இருக்கான்."

"அந்தா தெரியுதே, அந்தப் புதர்?"

"அந்த முறைக்காரர் மக்க ரெண்டு பேரும் துபாய்ல. வீடு பூட்டிக் கெடக்கு."

இப்படியே கேட்டுக்கொண்டு போனாள். பாதித் தூரம் வருவதற்குள் சேதுபதிக்குக் குரல் இறங்கிப்போய்விட்டது. அவள் கேட்காமலே அவருக்குத் தெரிந்துவிட்டது. புதர் இருக்கிற இடமெல்லாம் ஆள் இல்லாத வீடு. சுத்தமாக இருக்கிற இடமெல்லாம் ஆள் இருக்கிற வீடு. ஊரில் எந்தெந்த வீடு பூட்டிக் கிடக்கிறது என்று பார்க்க ஊருக்குள் போகவே வேண்டாம், இந்தக் கால்வாயைப் பார்த்தால் போதும்.

பரிபூரணம் ஒரு பாறை மேல் உட்கார்ந்து காலில் இருந்து முள்ளைப் பிடுங்கினாள். ஷூவைத் தாண்டி ஏறியிருந்தது. ரத்தத்தைத் துடைத்துவிட்டு ஒன்றும் நடக்காத மாதிரி கேட்டாள்.

"பக்கத்து முறைக்காரரு, இதையும் சேத்து வெட்டிவிட்டா என்னண்ணே? அவரு வெட்டுன துண்டுலயும் தண்ணி ஓடாம வீணாத்தான போகுது?"

சேதுபதி திடுக்கிட்டுவிட்டார். "அடுத்தவன் முறையில மண்வெட்டி வைக்கிறதா? என்ன தாயி இப்படிச் சொல்லிட்ட! அது 'நீ இனிமே வரமாட்ட, ஒனக்கு இங்க ஒண்ணும் இல்ல'ன்னு சொல்லுததுக்குச் சமானம். வெட்டுக்குத்து ஆகிப்போகும்."

"அப்ப அந்தக் காலத்துல யாருமே ஊரை விட்டுப் போனதில்லையா? நீங்களே பட்டாளத்துக்குப் போனீகள்லா. உங்க முறைய யாரு வெட்டுனா?"

"போறவன் தன் மண்வெட்டிய ஒரு பங்காளி கையில குடுத்துட்டுப் போகணும். வாங்குனவன் ரெண்டு முறையும் வெட்டுவான். திரும்பி வந்தா மண்வெட்டிய வாங்கிக்கிடலாம். நானும் குடுத்துட்டுத்தான் போனேன்."

"யார்கிட்டண்ணே?"

ஓடையின் வாய்க்குப் பக்கத்தில், கால்வாய் தொடங்குகிற இடத்தில் இருந்த பெரிய புதரைக் கையால் காட்டினார். இருக்கிறதிலேயே நீளமான முறை அதுதான். வருஷா வருஷம் மண் ஏறி, இப்போது மரமே வளர்ந்து நின்றது. அங்கே அடைத்துவிட்டால் கீழே எல்லாரும் சுத்தம் செய்தாலும் ஒரு சொட்டுக்கூட வராது.

"அவன் முறைதான் இது. உக்கிரபாண்டி. எங்க சித்தப்பா மகன். நான் இல்லாத இருவது வருஷமும் என் முறையையும் சேத்து அவந்தான் வெட்டுனான்."

"பொறவு அவரு போறப்ப ஏன் உங்ககிட்ட மண்வெட்டியக் குடுக்கல?"

சேதுபதி மலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். உக்கிரபாண்டி மில்லுக்குக் கிளம்பின அன்றைக்கு டீக்கடையில் பத்துப் பேருக்கு நடுவில் வைத்து இவர் சொல்லியிருக்கிறார், 'பட்டாளத்துல இப்படி ஓடுறவனைச் சுட்டுருவோம்லே' என்று. சும்மா சிரிப்புக்குச் சொன்னதுதான். உக்கிரபாண்டி சிரிக்கவில்லை. அன்றைக்குப் போனவன்தான். ஒன்பது வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

பரிபூரணம் அவரைக் குற்றம் சொல்லவில்லை. குடையை விரித்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள். "ராஜபாளையத்துல உங்க ஊர்க்காரவுக வீடு வீடாப் போயிக் கேட்டேண்ணே. 'ஊரை விட்டு எப்ப வந்தீக'ன்னா ஒருத்தர ஒருத்தர் பாத்துச் சிரிக்காக. 'நாங்க எங்க வந்தோம்? சும்மா வேலைக்கு வந்திருக்கோம்'ங்காக. பதினஞ்சு வருஷமா அங்க இருக்கவரும் அதேதான் சொல்லுதாரு. எங்க ஆராய்ச்சியில நிரந்தரமாப் போனவர்னு ஒரு வகை இருக்கு. அதுல உங்க ஊர்ல இருந்து ஒரு ஆளு விழல. எம் புரொபசரு, 'நீ சரியாக் கேக்கல, திரும்பக் கேளு'ன்னு திட்டுதாரு. இப்பத்தான எனக்கே புரியுது. போகவே இல்லன்னு நெனைக்கிறவுக எப்படி மண்வெட்டியக் குடுப்பாக?"

சேதுபதி அவளையே பார்த்தார். இந்தப் பிள்ளை ஆடியில் வந்தது. பிறந்ததில் இருந்து இந்த ஊரில் இருக்கிறவர்களுக்குப் பக்கத்துப் பக்கத்துத் துண்டாகத் தெரிந்த கால்வாய், இவளுக்கு முழுசாகத் தெரிந்துவிட்டதே. முள்ளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு நடந்ததால் தெரிந்தது.

"நீயே அவன்கிட்டச் சொல்லேன் தாயி. பெரிய படிப்பு படிச்ச பிள்ள சொன்னா கேப்பான்."

"நான் சொன்னா அது ஆராய்ச்சிண்ணே. அவரு கேட்டுட்டுக் காப்பி குடுத்து அனுப்பிருவாரு. நீங்க சொன்னாத்தான் அவருக்கு உறைக்கும்."

சேதுபதி ஆவணி முழுக்க யோசித்தார். புரட்டாசியும் பாதி போயிற்று. ஆணியில் பூட்டு தொங்கிக்கொண்டே இருந்தது.

ஒருநாள் செல்லத்தாய் பொறுக்கமாட்டாமல் கேட்டேவிட்டாள். "ஊரை விட்டுப் போனவனை எல்லாம் ஓடிப்போனவம்பீக. நீங்க இருவது வருஷம் காஷ்மீர்ல என்ன, கம்மாயில மீனா பிடிச்சீக? ஒங்க துண்டை அந்த மனுசன் வெட்டுனாரு. இருவது வருஷமும் ஒங்க வயல்ல நெல்லு வெளஞ்சது அவராலதான். அதை நெனைச்சீகளா?"

அன்றைக்குச் சேதுபதி சாப்பிடவில்லை.

ஆயுத பூஜை அன்று காலையில் தன் மண்வெட்டியைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். செல்லத்தாய்க்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. மண்வெட்டியை யாரிடமோ ஒப்படைக்கப் போகிறார், சாமான் கட்டவேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டாள்.

பஸ்ஸில் கண்டக்டர் மண்வெட்டிக்கு லக்கேஜ் போடவேண்டும் என்றான்.

"பூசை போட்ட சாமானுக்கு லக்கேஜா? ஏலே, ஒன் விசிலுக்கும் இன்னைக்குப் பொட்டு வச்சிருக்கியே, அதுக்கு டிக்கெட் எடுத்தியா?"

பஸ்ஸே சிரித்தது. கண்டக்டரும் சிரித்துவிட்டு விட்டுவிட்டான்.

ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் பரிபூரணம் நின்றாள். அன்றைக்கு மில் ஆட்கள் எல்லாரும் வீட்டில் இருப்பார்கள் என்று கேள்வி கேட்க வந்திருந்தாள். மண்வெட்டியைப் பார்த்தாள். வழி மட்டும் காட்டினாள்.

மில்லுக்குப் பின்னால் வரிசை வீடுகள். வாசலெல்லாம் பொரியும் கடலையும் சிதறிக் கிடந்தன. உக்கிரபாண்டியின் வீட்டுக்காரி மாரியாத்தாள் கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"வாங்க மச்சான்" என்று சொல்லி வழிவிட்டாள்.

உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருந்த உக்கிரபாண்டி எழுந்திருக்கவில்லை. தலையெல்லாம் நரைத்துப்போயிருந்தது. "யாரு, பட்டாளத்தாரா? சுட வந்தீகளா? துப்பாக்கி இல்லாம மண்வெட்டியத் தூக்கிட்டு வந்திருக்கீக."

சேதுபதி மண்வெட்டியை இறக்கி அவன் காலடியில் வைத்தார்.

"நானும் ஊரை விட்டு வாரேன்லே. வீரணன் கம்பெனியில வாட்ச்மேன் வேலை. போறவன் பங்காளி கையில மண்வெட்டியக் குடுக்கணும்லா? எனக்கு உன்னைத் தவிர யாரு இருக்கா? முன்ன மாதிரி என் முறையையும் சேத்துப் பாத்துக்கோ."

உக்கிரபாண்டி மண்வெட்டியைப் பார்த்தான், அண்ணனைப் பார்த்தான், வாசலில் நின்ற பரிபூரணத்தைப் பார்த்தான்.

"ஏட்டி மாரியாத்தா, கேட்டியா? நான் மில்லுல கெடக்கேன். இங்க கொண்டாந்து குடுத்துட்டு, முறைய வெட்டுங்கான். இங்க என்ன, மில்லு வராண்டாவிலயா வெட்ட?"

"நீதான் ஊரை விட்டு வரலியேலே. வாசல்ல நிக்கிற ஆராய்ச்சிப் பிள்ளகிட்ட அப்படித்தான சொல்லியிருக்க. சும்மா வேலைக்கு வந்திருக்கேன்னு."

உக்கிரபாண்டிக்கு முதலில் முகம் சிவந்தது. அப்புறம் வாய் கோணியது. அப்புறம் அவனால் அடக்க முடியவில்லை, சிரித்துவிட்டான். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் வந்தது. மாரியாத்தாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"அன்னைக்கு நான் சொன்னது தப்புலே" என்றார் சேதுபதி.

உக்கிரபாண்டி குனிந்து கட்டிலுக்கு அடியில் கைவிட்டு இழுத்தான். சாக்கில் சுற்றின ஒரு மண்வெட்டி. துரு ஒரு பொட்டு இல்லை. மில் எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருந்தான். அதிலும் அன்றைக்குக் காலையில் வைத்த குங்குமம் இருந்தது.

"அன்னைக்குக் கோவத்துல யார்ட்டயும் குடுக்காமத் தூக்கிட்டு வந்துட்டேன். வருஷா வருஷம் பூசை மட்டும் போடுதேன். பேரன் கேக்கான், இந்த மிஷின் எந்த டிபார்ட்மெண்ட்டுன்னு."

பரிபூரணம் அப்போதுதான் வாயைத் திறந்தாள். "நாளைக்கு மில்லு லீவுதானண்ணே?"

"லீவுதான்" என்றான் உக்கிரபாண்டி. அண்ணனைப் பார்த்துச் சொன்னான். "என் முறைய நீ தொடக்கூடாது. நான்தான் வெட்டுவேன். ஆனா முடியாத வருஷம் சொல்லி அனுப்புவேன். அப்ப நீ வெட்டு. அதுக்கு நீ ஊர்ல இருக்கணும்லா. வாட்ச்மேன் வேலைக்கு வேற ஆளப் பாக்கச் சொல்லு."

அன்று சாயங்காலத்துக்குள் அவனே வரிசை வீடு முழுக்கப் போய்ச் சொல்லிவிட்டான். மொக்கைச்சாமி வந்தார். சுப்புராஜ் வரவில்லை, ஆனால் 'என் முறைய யாரும் வெட்டிக்கிடலாம், எனக்கு மனசுல ஒண்ணும் இல்ல' என்று சொல்லி அனுப்பினார். துபாய்ப் பையன்களுக்காக அவர்கள் மாமன் வந்து நின்றார்.

விஜயதசமி அன்று ஓடை வாயில் அரிவாளும் மண்வெட்டியுமாக ஒரே சத்தம். ஒன்பது வருஷம் பேசாத பேச்சையெல்லாம் சேர்த்துப் பேசினார்கள், சேர்த்துத் திட்டிக்கொண்டார்கள். சீமைக்கருவேலத்தின் வேர் விடவில்லை. அதற்கு மட்டும் மறு ஞாயிற்றுக்கிழமையும் வரவேண்டியதாயிற்று. செல்லத்தாய் பெரிய பானையில் புளிச்சோறு கிண்டிக் கொண்டுவந்தாள். பரிபூரணம் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வெட்டின முள்ளைக் கவட்டைக் கம்பால் இழுத்துப் போட்டாள்.

"ஆராய்ச்சிக்கு இதெல்லாம் செய்யணுமா தாயி?" என்று ஒருத்தர் கேட்டார்.

"செய்யக்கூடாதுண்ணே. புரொபசருக்குத் தெரிஞ்சா திட்டுவாரு" என்றாள். ஆனால் கம்பைக் கீழே போடவில்லை.

ஐப்பசிக் கடைசியில் மலைமேல் மழை இறங்கியது. சேதுபதி குடையைப் பிடித்துக்கொண்டு கண்மாய்க் கரையில் நின்றார். மத்தியானம் வரைக்கும் ஒன்றும் இல்லை. அப்புறம் கால்வாயில் சருகு நகர்ந்தது. செந்நிறமாக ஒரு நாக்கு சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு, உக்கிரபாண்டி முறையைத் தாண்டி, சுப்புராஜ் முறையைத் தாண்டி, எல்லா முறையையும் தாண்டி வந்து கண்மாய்க்குள் விழுந்தது. அவர் கத்தின கத்தலில் கரையில் மேய்ந்த ஆடெல்லாம் ஓடிற்று.

கண்மாய் முழுசாகப் பெருகவில்லை. முக்கால் அளவுக்கு வந்தது. கடைசி மடைக்கு அது போதும்.

பரிபூரணம் மறு வருஷம் ஒரு தடவை வந்தாள். அந்த நாலஞ்சு தேசத்துக்காரர்களும் கூடின கூட்டத்தில் இந்தக் கால்வாயைப் பற்றிப் பேசினாளாம். மெக்சிகோவில் இருந்து வந்த ஒருவர் எழுந்து, எங்கள் ஊரிலும் போனவர்கள் யாரும் போனதாகச் சொல்வதில்லை என்றாராம். புரொபசர் கடைசியில் 'நிரந்தரமாகப் போனவர்' என்ற அந்த வகையையே எடுத்துவிடச் சம்மதித்தாராம்.

"அப்ப எங்களை என்ன வகையில போட்ட?" என்று கேட்டார் சேதுபதி.

"முறை உள்ளவுகன்னு போட்டேண்ணே. ஊர்ல இருந்தாலும் சரி, வெளிய இருந்தாலும் சரி."

சேதுபதிக்கு அதில் எவ்வளவு புரிந்ததோ தெரியாது. ஆனால் அன்றைக்கு அவளைக் கடைசி மடைக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். வயலில் நெல் பச்சையாக நின்றது. ராத்திரியில் யாரும் திருட்டுத்தனமாகத் திறந்துவிடக்கூடாது என்று மடைப் பலகையில் சங்கிலி போட்டிருந்தது. சங்கிலியில் செல்லத்தாய் வாங்கின பித்தளைப் பூட்டு தொங்கியது.

"ஒரு சாவி ஊர்ல, ஒரு சாவி ராஜபாளையத்துல உக்கிரபாண்டிகிட்ட" என்றார்.